விளக்குக் கம்பத்துக்கு எதிர்வீட்டு இருட்டு

குசினி அலுமாரியில் முதலில் பீங்கான்கள் நடுங்கும். பிறகு மேசையிலிருக்கும் தண்ணீரில் ஒரு சின்ன வளையம் விரியும். அதற்குப் பிறகுதான் சத்தம் காதுக்கு வரும்: டும், டும், டுக்குடும். மெல்பேணில் வீட்டுச் சுவர் என்பது வெறும் நம்பிக்கை. இரண்டு அட்டை, நடுவே கொஞ்சம் பஞ்சு. அந்தப் பஞ்சுக்கு அப்பால் என் மகன் தர்ஷன், இருபத்தாறு வயது, தன் வறுமையைப் பற்றி ராப் பண்ணிக்கொண்டிருக்கிறான். பாட்டு என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத யாரோடோ தாளம் தப்பாமல் சண்டைக்குக் கொழுவுகிறான்.

அந்த டும் எனக்குள் இன்னொரு சத்தத்தை எழுப்பிவிடும். பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணம். மின்சாரம் என்ற சொல்லே மறந்துபோயிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நானும் அண்ணனும் மாறி மாறி மிதியைக் கையால் சுற்றுவோம். டைனமோ முனகும், டேப் றெக்கோடர் கண் விழிக்கும். கை சோர்ந்தால் பாடகியின் குரல் தடித்துக்கொண்டே போகும். “சுத்தடி, மனிசி ஆம்பிளையாகிறா!” என்று அண்ணன் கத்துவான். ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு நேரச் சாப்பாட்டின் பலம் போய்விடும். அந்தச் சாப்பாடும் எல்லா நாளும் இருந்ததில்லை.

மகன் தனக்கு வைத்துக்கொண்ட மேடைப்பெயர் டார்க் லேன். இருட்டு ஒழுங்கை. நாங்கள் இருப்பது மெல்பேணின் புறநகர் ரோவிலில் ஒரு முட்டுச்சந்து. வாசலுக்கு நேர் எதிரே மாநகரசபையின் விளக்குக் கம்பம். அதன் வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை என்று என் கணவர் தடித்த திரைச்சீலை வாங்கிப் போட்டார். அதுதான் என் பிள்ளை வாழ்நாளில் கண்ட இருட்டு. நாலு அறை, இரண்டு கார் நிற்கும் கராஜ், காய்த்துக் கொட்டும் எலுமிச்சை. பகலில் காது மந்தமான முதியவர்களுக்கு அவன் கருவி பொருத்துகிறான், அதற்கென்று படித்தவன். மாலையில் வீட்டுக்கு வந்து, நன்றாகக் கேட்கும் எங்கள் காதுகளுக்கு வேறு வகையில் வைத்தியம் செய்கிறான்.

பசி, இருட்டு, வாசலில் சப்பாத்துச் சத்தம், ஓட்டம். அவனுடைய ஆங்கில அடிகளைக் காது கொடுத்துக் கேட்ட அன்று எனக்கு விளங்கிவிட்டது. அத்தனையும் என்னுடையவை. சோறு தீத்தும்போது நான் அரையும் குறையுமாகச் சொன்னவை. இரவல் கேட்காமல் என் பசியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறான்.

“தம்பி, நீ எப்பயடா பசியில கிடந்தனி?”

“இட்ஸ் எ ஃபீலிங், அம்மா.”

“ஃபீலிங்கோ? பிரிட்ஜைத் திறந்து பார். போயிடும்.”

பகிடியாகத்தான் சொன்னேன். அவனுக்கு அது பகிடியாக இருக்கவில்லை. கிரான்பர்னில் திறக்கும் புதுக் கிளினிக்குக்கு அவனைப் பொறுப்பாக வரச் சொல்லியிருந்தார்கள், திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்கு முதல்நாள் பிற்பகல் பிரன்ஸ்விக்கில் ஒரு பப்பில் அவனுடைய நிகழ்ச்சி. நாடு சுற்றப்போகும் ஓர் இசைக்குழுவின் கச்சேரி தொடங்குமுன் பாட ஆள் தேடும் பெண் அங்கே வருகிறாள். “அவ வேண்டாமெண்டா திங்கள் சைன் வைக்கிறன். மைக்கை இனித் தொடமாட்டன்,” என்றான். “நீங்களும் அப்பாவும் மட்டும் வாங்கோ. பின்சுவரோட நில்லுங்கோ. சாப்பாடு ஒண்டும் வேண்டாம். ப்ளீஸ்.”

இங்கேதான் நான் பிழை விட்டேன். பிள்ளை மேடையேறுகிறது என்றால் இந்த நகரத்துத் தமிழருக்கு அது அரங்கேற்றம். மண்டபம், பிரதம விருந்தினர், பொன்னாடை, பெற்றோரின் கண்ணீர் கலந்த நன்றியுரை, இடைவேளையில் பொரித்த ரோல்ஸ். பதினாலு வயதில் இவனுடைய மிருதங்க அரங்கேற்றத்துக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆகவே, இவரின் அக்கா பவா மச்சாளிடம் மட்டும் ஒரு சொல் சொல்லிவைத்தேன். மச்சாளிடம் சொல்வதும் மாநகரத்துக்கே ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்று.

இருபத்திமூன்று பேர் வந்திறங்கினார்கள். பட்டுச் சேலைகள், நான்கு தட்டு ரோல்ஸ், மடித்த ஒரு பொன்னாடை. “நிண்டுகொண்டோ பாக்கிறது? என்ர முழங்காலுக்கு ஆர் பதில் சொல்லுறது?” என்று மச்சாள் தேர்த்திருவிழாவுக்குக் கொண்டுபோகும் மடக்குக் கதிரைகளைக் கார் டிக்கியிலிருந்து இறக்குவித்தார். வாசலில் காவல் நின்ற பச்சை குத்திய ராட்சதன், உள்ளே விடும் அடையாளமாகக் கையில் முத்திரை குத்த வந்தபோது, மச்சாள் தீர்த்தம் வாங்குகிற பக்தியோடு வலக்கையைக் குழித்து நீட்டினார். அவன் குழம்பிப்போய் உள்ளங்கையிலேயே குத்திவிட்டான். ஒரு ரோலை அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே போனோம். அதன்பிறகு சாப்பாட்டைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை, வாய் நிறைந்திருந்தது.

கறுப்பு ஹூடியால் தலையை மூடிக்கொண்டு தர்ஷன் வந்தான். இளசுகள் பின்னால் நிற்க, முன்வரிசையில் கதிரை போட்டு இருபத்திமூன்று பேர். அவன் கண்கள் என்னைத் தேடின. நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

தாளம் எழும்பி, சட்டென்று நின்றது. அந்த மௌனத்துக்குள், மச்சாளுக்கும் விளங்கும் லேசான ஆங்கிலத்தில், அவன் முதலடியை இறக்கினான்: ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வந்தவன் நான்.

“ஒண்டுமில்லையோ?” மச்சாளின் குரலுக்கு மைக் தேவையில்லை. “அப்ப சனிக்கிழமையில மூண்டு ரியூசனுக்கும் உன்னை ஏத்தி இறக்கினது ஆர்?”

தமிழ் தெரிந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். தெரியாதவர்கள் மச்சாளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒலிக்காரன் திகைத்துத் தாளத்தை முற்றாக நிறுத்திவிட்டான். என் வாயால் என் பிள்ளையின் பிழைப்பை முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தர்ஷன் ஹூடியைப் பின்னால் தள்ளினான். “தட்ஸ் மை அன்ரி,” என்றான். மைக்கின் பக்கவாட்டில் விரல்கள் தட்டத் தொடங்கின. எட்டு வருடம் மிருதங்கம் படித்த விரல்கள். அதன்மேல் சொற்கள் வந்தன: பவா மாமியின் காரின் பின்சீட், மடியில் கணக்குக் கொப்பி, பள்ளிக்கூடக் குப்பைத்தொட்டிக்குள் நான் கட்டிக்கொடுத்த புட்டு. பிறகு குரல் தணிந்தது. “எனக்கு ஒருநாளும் பசித்ததில்லை, பசித்தவர்கள் எனக்குத் தீத்தினார்கள், நான் அவர்களின் பசியைக் களவெடுத்து என் பெயரைப் போட்டேன்,” என்றான். பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்த இளசுகள் எங்கள் கதிரைகளை நெருங்கி வந்தார்கள்.

“என்னவாம்?” என்று மச்சாள் என்னை இடித்தார்.

“உங்களைப் புகழுறான்,” என்றேன்.

முடிந்ததும் ஆள் தேடி வந்த அந்தப் பெண், நரைத்த குட்டை முடியோடு, என்னிடம் வந்து, எத்தனை நாள் ஒத்திகை என்று கேட்டாள். மிருதங்கத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, எட்டு வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல் என்றேன். அவள் கதிரைகளில் இருந்த இருபத்திமூன்று பேரையும் வாயைப் பிளந்து பார்த்தாள். எல்லாரும் நடிகர்கள் என்று நம்பியிருக்கிறாள் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் மச்சாள் அவளுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டிருந்தார்.

தர்ஷன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை கையெழுத்தும் வைக்கவில்லை. அவள் அவனைக் கூப்பிட்டது அந்த ஒரு பாட்டுக்காக. சிட்னியும் பிரிஸ்பேனும் மட்டும். மற்றப் பாட்டுகளை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாளாம். கிரான்பர்ன் கிளினிக் கதிரையில் வேறு யாரோ இருக்கப்போகிறார்கள். வருகிற மாதத்தைப் பற்றி எங்கள் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு வியாழன் காலையில் வான் வந்து நின்றது. ஒரு காலை வானுக்குள்ளும் மற்றதை எங்கள் சீமெந்துப் பாதையிலும் வைத்தபடி தர்ஷன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அம்மா, போஸ்டர்ல பேருக்குக் கீழ ஊர் போடவேணுமாம். யாழ்ப்பாணம் எண்டு போடட்டோ?”

“ரோவில் எண்டு போடு. யாழ்ப்பாணம் என்ர. வேணுமெண்டா கேட்டு எடு.”

அவன் போனைப் பைக்குள் வைத்தான். சாரதி ஒருமுறை ஹோர்ன் அடித்தான். பாதையில் இருந்த கால் அசையவில்லை.

“இப்ப கேக்கட்டோ?”

“முழுக்கச் சொல்ல நேரம் வேணுமடா. வான் நிக்குது. போயிட்டு வா.”