ஏற்கெனவே இருக்கிறது

இது பட்டப்பகலில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் நடந்தது. பேய்களை நான் நம்பியதில்லை. இப்போதும் நம்புவதாகச் சொல்லமாட்டேன். ஆனால் இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. பயத்தால் அல்ல, வெட்கத்தால்தான் இதுவரை எழுதாமல் இருந்தேன்.

2016ஆம் ஆண்டு. இலங்கையின் கல்பிட்டியில், ஒரு வலைக் கடையின் மேல்மாடியில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகம். மீன்பிடிப் படகுகளுக்காகக் கைபேசிச் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கடலடிப் பாறைக்குக் கிட்டப் போனால் கைபேசி அலற வேண்டும். அந்தப் பகுதி என்னோடு வேலை செய்த றுஷ்னாவின் பொறுப்பு. இரண்டு மாதங்களுக்கு முன் அவள் டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாள்.

அன்று பின்னேரம் மீனவர் நிக்கொலஸ் அண்ணன் செயலியைச் சோதித்துப் பார்க்கக் கடலுக்குக் கொண்டுபோக இருந்தார். இருட்டிய பிறகு அதை நம்பித்தான் கரைக்குத் திரும்புவார்.

நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே லைப்ரரியாக இணைப்பது லிங்கர் என்ற நிரல். ஒரு பெயரை அழைக்கும்போது அந்தப் பெயரில் எதுவும் இல்லையென்றால் அது நின்றுவிடும். அன்றும் நின்றது. இல்லாதது றுஷ்னாவின் எச்சரிக்கை ஃபங்ஷன், அதாவது கைபேசியை அலறவைக்கும் நிரல் துண்டு. அந்தக் கோப்பு அவளுடைய மடிக்கணினியோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தது.

எங்கள் முதலாளி ஹாசிம் நானா தொப்பியோடு வாசலில் நின்றார்.

"ஜும்மாவுக்கு வரல்லியா?"

"இத முடிச்சிட்டு ஓடி வாறன் நானா."

"றுஷ்னாட வூட்ட போய்க் கேட்டா என்ன? கிட்டத்தானே."

"மௌத்து வூட்டுல போய் லெப்டொப்பக் கேக்கவா?"

"அப்ப வானத்துலருந்து மலக்கு வந்தா எழுதித் தருவாரு?"

அவர் போனார். தெரு வெறிச்சோடியது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியது.

அவசரத்தில் எங்கள் தொழிலில் பலர் செய்வதை நானும் செய்தேன். அதே பெயரில் ஒரு வெறும் ஃபங்ஷன். உள்ளே ஒரே வரி. எப்போது கேட்டாலும், 'ஆபத்து இல்லை'.

லிங்கர் மறுபடியும் நின்றது.

'இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.'

எந்தக் கோப்பில்? அதைக் காட்டும் இடம் வெறுமையாக இருந்தது...

என்னுடையதை அழித்தேன். 'இல்லை' என்றது. திரும்ப எழுதினேன். 'ஏற்கெனவே இருக்கிறது.' பழைய துண்டுகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். அதே பதில்.

மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் இருந்தது.

பக்கத்து மேசையில் றுஷ்னாவின் கதிரை என் பக்கம் திரும்பியிருந்தது. காலையில் அது சுவரைப் பார்த்திருந்தது.

லிங்கரைக் கட்டாயப்படுத்த ஒரு வழி உண்டு. இரண்டு இருந்தாலும் பரவாயில்லை, முதலாவதை எடுத்துக்கொள் என்று சொல்லலாம். சொன்னேன்.

லைப்ரரி தயாரானது. பின்னால் யாரோ மூச்சு விட்டது போல...

திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் செயலியை ஏற்றிய கைபேசியோடு கடற்கரை மணலில் கால் வைத்ததும் அது அலறியது. நிக்கொலஸ் அண்ணன் படகிலிருந்து இறங்கி வந்து அதை வாங்கினார். நின்றது. திருப்பித் தந்தார். அலறியது.

"தம்பி, பாறை எண்டு நெனச்சது உங்களத்தான் போல!"

அவர் சிரித்தார். நான் கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"பெட்டரி சரியில்ல அண்ணே. இண்டைக்கு இது வேணாம். இருட்ட முந்தி வந்துருங்க."

பொய். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் இருட்டுமுன் திரும்பிவிட்டார்.

அன்றிரவு அந்த லைப்ரரியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெயரில் உள்ளே ஒரே ஒரு ஃபங்ஷன். என்னுடையது. சத்தம் எழுப்ப அதில் எதுவுமே இல்லை.

மறுநாள் றுஷ்னாவின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய உம்மா மடிக்கணினியை எடுத்து வந்து தந்தார். கோப்பைத் திறந்தேன்.

அதிலும் ஒரே வரி. 'ஆபத்து இல்லை.'

அவளும் பிறகு எழுதலாம் என்று விட்டிருக்கிறாள். அலறும் ஃபங்ஷனை யாருமே எழுதியிருக்கவில்லை.

உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரில கடைசி மட்டும், 'உம்மா, அத மாத்தணும்... அத மாத்தணும்' எண்டே சொல்லிட்டுக் கிடந்தா. என்னத்த மகன்? ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியா உம்மா" என்றேன்.