கோமதி அக்காவுக்கு ஒரு ரொட்டி

யாங்கூனின் போட்டாதாங்கில் உள்ள என் அச்சுக்கடையில் அன்று மதியம் மின்சாரம் போனபோது, ஒரு படம் இயந்திரத்துக்குள் பாதியில் நின்றுவிட்டது. பழைய எகிப்தில் ரொட்டி சுடுகிறவர்களின் படம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காக நோய்ப் படுக்கையிலிருந்தே கோமதி அக்கா கேட்டிருந்தார். கரண்ட் வந்ததும் வழக்கம்போலத் தெருவே "மீ லாபீ!" என்று கூவியது. அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் அவருடைய தங்கை மா தீடா போனில் கூப்பிட்டார். "மமா போயிட்டாங்க, கோ செல்வம்." அக்காவை அவர் மமா என்றுதான் அழைப்பார்; என்னைக் கோ, அதாவது அண்ணன். மிச்சப் படம் தானாக வெளியே வந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

உங்களில் பலருக்கு அவர் டோ கின் மியா, கின் மியா அம்மா. கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை, அதாவது சயாமா. எகிப்தைப் பற்றிப் பேச யாங்கூனில் யார் கூப்பிட்டாலும் போவார், கூப்பிடாவிட்டாலும் போவார். அப்பா ரயில்வேயில் இருந்த தமிழர், அம்மா பர்மியர். கோமதி என்பது அப்பா வைத்த பெயர். படம் அச்சடிப்பதும் ப்ரொஜெக்டர் தூக்குவதும் என் வேலை; கூடவே சண்டை போடுவதும். ராஜாவின் தங்க முகமூடியைப் பெரிதாக அடித்தால் கூட்டம் சேரும் என்பேன். "முகமூடி பாக்க வர்ற கூட்டம் பாத்துட்டுப் போயிடும். எனக்கு அந்த ரொட்டிக்காரனைப் பெருசா அடிங்க" என்பார். கடைசியில் அவர் சொன்னதைத்தான் அடிப்பேன்.

நைல் நதியை விளக்க அவருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. க்யிம்யிண்டைங் சந்தை மாடியில் பேசியபோது ஜன்னலைத் திறந்து எங்கள் ஆற்றையே காட்டினார். "இந்தக் கரை சூரியன் வர்ற பக்கம். உசுரோட இருக்கிறவங்க ஊரு. அந்த மேற்குக் கரை சூரியன் போற பக்கம். அதைச் செத்தவங்க ஊருன்னு வச்சுக்குங்க." அக்கரையிலிருந்து தினமும் படகில் மீன் கொண்டுவரும் டோ ஏ விருட்டென்று எழுந்தார். "சயாமா, நான் அங்கதான் குடியிருக்கேன். இன்னும் சாகலை!" மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய் டோ ஏயின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு டோ ஏ ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை.

கியாக்தானில் ஒரு பௌத்த மடத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு இளகிவிடுகிறது. எகிப்தியக் கல்லறைக் கல் ஒன்றின் படத்தைக் காட்டி, அதில் உள்ளதைப் பர்மியத்தில் சொன்னார். இறந்துபோன ஒரு சாதாரண மனிதன் வழிப்போக்கர்களிடம் கேட்கிறான்: என் பெயரைச் சொல்லி, ரொட்டியும் பீரும் கிடைக்கட்டும் என்று வாயால் சொல்லுங்கள், அது போதும், எனக்கு வந்து சேர்ந்துவிடும். அவர் பேசி முடித்ததும் முன்வரிசைப் பெண்கள், குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கிண்ணத்தில் துளித்துளியாக வார்த்து, நன்று என்ற பொருளில் "சாது, சாது, சாது" என்றார்கள். இங்கே இறந்தவர்களோடு புண்ணியத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது செய்வதை அப்படியே செய்துவிட்டார்கள். எனக்கு ஒரே சங்கடம். திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

"இது வரலாறுதான், சடங்கு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எதுக்கு? அந்த ஆளு எத்தனை காலமா வாசல்ல நின்னு சோறு கேட்டுக்கிட்டு இருக்கான்! இன்னைக்குத்தான் நம்ம சனம் போட்டுச்சு. நடுவுல போயி நான் தட்டைப் பிடுங்கவா?"

அன்றிலிருந்து எங்கள் கூட்டங்கள் எல்லாம், மறந்துபோன ஓர் எகிப்தியரின் பெயரைச் சொல்லித் தண்ணீர் வார்ப்பதோடுதான் முடிந்தன.

நோயில் படுத்த பிறகு ஒரு மாலை, அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்பா போனப்புறம் என்னைக் கோமதின்னு கூப்பிடுறது நீங்க ஒருத்தர்தான். நாளைக்குப் பிக்கு வந்து கின் மியான்னு சொல்லுவாரு. கின் மியாவுக்குச் சோறு வந்துரும். கோமதி பட்டினி கிடப்பா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "நான் இருக்கேன் அக்கா" என்றேன்.

ஏழாம் நாள் தானத்தன்று வீடு நிறைந்திருந்தது. அக்கா அன்று சொன்னபடியே, பிக்கு டோ கின் மியா என்றுதான் பெயர் சொன்னார். மா தீடா தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் உட்கார்ந்து தவித்தேன். வாக்குக் கொடுத்தவன் நான். ஆனால் அது அவர்கள் வீட்டுச் சடங்கு. பிக்கு ஓதும்போது குறுக்கே வாய் திறப்பது எப்படி? கிண்ணம் நிறைந்துகொண்டே வந்தது. அப்போது மா தீடா கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"கோ செல்வம், மமாவுக்குத் தமிழ்ப் பேரும் இருக்கு. எனக்குத் தமிழ் வராது, நான் சொன்னா சரியா இருக்காது. நீங்க சொல்லுங்க."

பிக்கு காத்திருந்தார். "கோமதி" என்றேன். "கோமதி அக்காவுக்கு ரொட்டி கிடைக்கட்டும்." பிக்குவின் முன்னால் பீரைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மா தீடா மிச்சத் தண்ணீரை வார்த்தார். எனக்குப் பின்னாலிருந்து டோ ஏ தன் பர்மிய நாக்கால் "கோமதி, கோமதி" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே சொன்னார்: "சயாமா இப்ப எங்க கரைக்குத்தானே வந்திருக்காங்க. நான் பாத்துக்குறேன்."

அவருடைய புத்தகங்களையும் படங்களையும் மா தீடா ஒரு வாசகசாலைக்குக் கொடுக்கப் போகிறார். அதுதான் நல்லது. என்னிடம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். கூட்டம் நிற்காது, நண்பர்களே. வரும் ஞாயிறு அந்த ரொட்டிக்காரர்களின் படத்தை மாட்டி, முடிக்கும்போது கோமதி என்று சொல்வேன். நீங்களும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வாருங்கள். இந்தத் தடவை பீரையும் விடமாட்டேன்.