இரவல் கிண்ணங்கள்

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு வந்தால் பழைய பட்டாளத்தார் பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரையில் நடப்பார்கள். முத்தியால்பேட்டை சாமிக்கண்ணுவும் போவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம்; கடைசி மூன்றும் அல்ஜீரியா மலையில். பதக்கம் வாங்கிய கதையை அவர் சொன்னதில்லை. அடக்கம் என்றது தெரு. அடக்கமாவது மண்ணாவது!

1962 ஜூலை பன்னிரண்டு, அவர் அம்மாவுக்குக் கருமாதி. பந்தி முடிந்ததும் மைத்துனன் பக்கிரி வெற்றிலையை மென்றபடி ஆரம்பித்தான்.

"மாமாகூட இருந்த பட்டாளத்தாரு சொன்னது. அந்த மலையில மூணே பேரு இருக்கற வூடு. வாசல்ல பதினெட்டு கிண்ணம் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. மாமா கண்ணு உடுமா? கலகக்காரங்களுக்குத்தான் இங்க சோறுன்னு துரைகிட்ட சொன்னாரு. வூட்டையே கொளுத்திட்டாங்க. மெடல் சும்மாவா குடுப்பான்?"

சாமிக்கண்ணு எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். மனைவி வேம்பு ஏனம் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாலுதான் அவர்களுடையது. மற்றதெல்லாம் தெருவில் இரவல் வாங்கியது. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுப் பெயர் வெட்டியிருந்தது. அவர் அப்படியே குந்திவிட்டார்.

"இன்னாங்க, மூஞ்சி இப்படிக் கெடக்குது?"

"பக்கிரி சொல்ற அந்த மண்கிண்ணமும் இரவல்தான் வேம்பு. அடியில ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு கீறல் போட்டிருந்துச்சு. அந்த வூட்டுத் தாத்தா செத்த நாப்பதாம் நாளு, ஊருக்குச் சோறு போட்டிருக்காங்க."

"எப்பத் தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் நாலு வருஷமாகப் பயந்திருந்தார்.

"அந்த வூட்டம்மா அழுதுகிட்டே சொன்னப்பவே. அவங்க பாஷை எனக்குக் கொஞ்சம் புரியும். அப்ப இன்னும் நெருப்பு வெக்கல. ஆனா துரை என் தோளைத் தட்டிட்டாரு. தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நெருப்பை அணைக்க ஓடிய அவள் புருஷனைச் சுட்டார்கள். அதுவரை அந்த ஊரில் ஒருத்தன்கூடக் கலகக்காரர்களோடு சேர்ந்ததில்லை. மறுவாரமே பதினோரு பேர் மலையேறினார்கள். பட்டாளத்து முகாமுக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்த ஊர்ப்பெரியவரும் அவர்களோடு போய்விட்டார். இந்த மாதம் அந்த நாடு சுதந்திரமே வாங்கிவிட்டது. சாமிக்கண்ணுவிடம் பதக்கம் இருந்தது.

வேம்பு சமாதானம் சொல்லவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நாளன்னிக்கு அதக் குத்திகிட்டுப் போவப் போறீங்களா?"

அவர் முன்பக்கம் போனார். பக்கிரி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். "அவன் சொல்றது பொய்யி" என்று தொடங்கி, வேம்புவிடம் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னார். பக்கிரி, "இத நமக்குள்ளயே வெச்சுக்கலாம் மாமா" என்றான். உறவுக்காரர்கள் செருப்பைத் தேடினார்கள்.

மறுநாள் காலை ஏனங்களைத் திருப்பிக் கொடுக்க அவரே வீடு வீடாகப் போனார். முந்தின நாள் பந்தியில் இருந்து எல்லாம் கேட்டிருந்த எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு தன் குண்டானை வாங்கி, திருப்பிப் பெயரைப் பார்த்தாள். உள்ளே போகாமல் நின்றாள்.

"அந்தக் கிண்ணமெல்லாம் அவங்கவங்க வூட்டுக்குப் போய்ச் சேந்துச்சாண்ணே?"

"இல்லம்மா" என்றார் சாமிக்கண்ணு. "போவும்போது மிதிச்சு ஒடச்சிட்டோம். நானும் மிதிச்சேன்."