கஞ்சி வரிசையில் நிற்காத பெண்

இந்தத் தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினக் கடற்கரை வரை நோன்பு நடை போய்வந்தேன். கருக்கலைப்பு நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து போகிற நடை. பாதி தூரம் கால், மீதி தூரம் வேன். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் மனசு லேசாகும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கே ஆகவில்லை.

நான் போனதற்குக் காரணம் சுமதி. அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ‘கருவைக் கலைக்கப் போகிறேன், துணைக்கு வருகிறாயா’ என்று கேட்டாள். வரமாட்டேன் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். கேன்டீனில் உட்காரவைத்து அரை மணி நேரம் பாவத்தைப் பற்றிப் பேசினேன். டீயைக்கூடத் தொடாமல் கேட்டுவிட்டு எழுந்து போனாள். தனியாகவே போய் வந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சில்லை. கலைத்தது தப்பு என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ‘உனக்கு என்ன கஷ்டம்?’ என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்காக ஒருநாள் பட்டினி கிடந்தால் என் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். சுயநலம்தான்.

விடிகாலை 4.40க்குத் தாம்பரத்தில் மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது, இனி அன்று மதியம் மூன்று மணிக்குத்தான் கஞ்சி. நடுவில் தண்ணீர் மட்டும். எங்களில் இதை ஒருசந்தி என்போம். பொத்தேரியில் ஒரு பெண் ஏறி என் எதிரே உட்கார்ந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தாள்.

“அக்கா, நோம்பு நடைக்குப் போறவங்களா? நானும் அங்கதான். தனியா வந்துகினு கீறேன், உங்க கூடவே வரட்டா?”

மதுராந்தகம் பக்கத்துப் பெண்ணாம். காலேஜ் எதிரே ஒரு ஜூஸ் கடையில் பில் போடும் வேலை, பக்கத்திலேயே ஹாஸ்டல். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் எனக்குப் பேச்சே வராது, எரிச்சல்தான் வரும்.

5.45க்குச் செங்கல்பட்டில் பங்குக் கோயில் சாமியார் ஜெபித்து நடையைத் தொடங்கிவைத்தார். நாற்பது பேர் இருந்தோம். ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். எங்கோ ஒரு தாயின் வயிற்றில் இருக்கிற, ஆபத்திலிருக்கிற, பெயர் தெரியாத ஒரு குழந்தையை மனசால் ஏற்றுக்கொண்டு ஒன்பது மாதம் தினமும் ஜெபிக்க வேண்டும். ஜெபம் அட்டையிலேயே அச்சடித்திருந்தது. அந்தப் பெண் அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சுரிதார் பையில் வைத்துக்கொண்டாள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் 14 கிலோமீட்டர். எட்டு மணி வரை பரவாயில்லை, அதற்கப்புறம் தார்ச்சாலை பழிவாங்கும். செருப்புப் போடாமல் நடக்கிற வீம்பு வேண்டாம். எங்களை நடத்திக்கொண்டு போன ரோஸி அக்கா மட்டும் வெறுங்காலோடு முன்னால் போனார். அறுபதை நெருங்கியவர், கையில் மைக், குரலில் அசதியே கிடையாது. ஜெபமாலையின் துக்க தேவ இரகசியங்களை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பின்பாட்டாக ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டு போனோம்.

9.50க்குத் திருக்கழுக்குன்றம். மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்களை வேடிக்கை பார்த்தது. ஒரு புளியமரத்தடியில் கஞ்சிப் பானை இறங்கியது. இது நோன்பிலிருந்து விலக்கு உள்ளவர்களுக்கு மட்டும். ரோஸி அக்கா மைக்கில் கூப்பிட்டார்: “சுகர்காரங்க, அறுபது தாண்டினவங்க, முழுகாம இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்க, இந்தப் பக்கம் வரிசையா வாங்க! மத்தவங்க பானையப் பாக்காதீங்க!”

எல்லோரும் சிரித்தோம். பொத்தேரிப் பெண் அந்த வரிசையை நோக்கி நாலு அடி வைத்தாள்.

“இன்னாம்மா, உனக்கு இன்னா? இந்த வயசுல சுகரா?” என்று ரோஸி அக்கா மைக்கை இறக்காமலே கேட்டார். குறும்புதான், கெட்ட எண்ணம் இல்லை.

“இல்லக்கா, தண்ணி பாக்க வந்தேன்” என்று திரும்பிவிட்டாள்.

அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. என் கால் கொப்புளமும் என் பசியும்தான் எனக்குப் பெரிதாக இருந்தன.

அங்கிருந்து சதுரங்கப்பட்டினம் சுமார் 14 கிலோமீட்டர், வேனில் ஆளுக்கு ஐம்பது ரூபாய். முன் இருக்கை கிடைத்தது. டிரைவர் விபூதி பூசிய நடுவயதுக்காரர்.

“யாருக்கோசரம்மா இந்த நடை?”

“பொறக்காத பிள்ளைங்களுக்காக அண்ணா.”

“பொறந்ததுங்க கதியே பேஜாரா கீது” என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

10.45க்கு இறங்கினோம். வானம் மூட்டமாக, கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. இடிந்த டச்சுக் கோட்டையின் சுவரை ஒட்டி எல்லோரும் மீனவர் குப்பத்துச் சிற்றாலயத்துக்கு நடந்தார்கள். அந்தப் பெண் மட்டும் சுவரோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லாததால் மஞ்சள் நீர்தான் வந்தது. தண்ணீர் பாட்டிலோடு போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எத்தனை மாசம்?”

“ரெண்டு முடிஞ்சிதுக்கா.” அழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “அவன் திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்லாம்ன்றான். வூட்ல தெரிஞ்சா சேத்துக்க மாட்டாங்க. எனுக்கு ஒண்ணும் புரியலக்கா. ஒருநாள் நோம்பு இருந்து கேட்டா மாதா ஒரு வழி சொல்லுவாங்கன்னு வந்தேன்.”

பிறக்காத குழந்தைகளுக்காக நாற்பது பேர் பட்டினி கிடந்தோம். எங்கள் நடுவிலேயே ஒரு குழந்தையைப் பதினைந்து மணி நேரமாகப் பட்டினி போட்டிருந்தோம். கஞ்சி இருந்தது. அவளுக்கு அதில் உரிமையும் இருந்தது. ஆனால் அதை வாங்க, கழுத்தில் தாலியில்லாத ஒருத்தி நாற்பது பேருக்கு முன்னால் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

சுமதிக்குச் சொன்ன அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றன. விழுங்கினேன். “எனக்குப் பசி தாங்கல. நான் நோன்பை முறிக்கப் போறேன். தனியாச் சாப்பிட வெக்கமா இருக்கு, துணைக்கு வா” என்றேன்.

பஸ் நிறுத்தத்தருகே ஒரு டிபன் கடை. இட்லி பத்து ரூபாய், சாம்பார் சுமார், கொத்தமல்லிச் சட்னி நன்றாக இருந்தது. அவள் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஐந்து இட்லி சாப்பிட்டாள். நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சிலுவைப்பாதை ஊர்வலம் அந்த வழியாகத்தான் வந்தது. ரோஸி அக்கா என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

“இன்னாம்மா, மூணு மணி வரிக்கும்கூட தாங்கலியா?”

“தாங்கலக்கா.”

தலையை ஆட்டிவிட்டு நின்று ஜெபிக்க வேண்டிய அடுத்த ஸ்தலத்துக்குப் போனார். அத்தனை பேரும் என் தட்டைப் பார்த்துக்கொண்டே போனார்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

என் அட்டையின் பின்பக்கம் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, “எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. பிள்ளையப் பெத்துக்கணும்னு நினைச்சா வா. பிரசவம் வரைக்கும், அதுக்கப்புறமும் இருக்கலாம். ஏன், எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டோம்” என்றேன். அவள் அதைத் தன் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாயங்கால ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பொத்தேரி வந்ததும் எழுப்பினேன். “தேங்ஸ்க்கா” என்று இறங்கிப் போனாள். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது கூடுவாஞ்சேரியில்தான் உறைத்தது.

அந்தத் திங்கட்கிழமை போய்விட்டது. அதற்கப்புறம் இரண்டு திங்களும் போய்விட்டன. மாடி அறையைக் கழுவி ஃபேன் மாட்டிவைத்திருக்கிறேன். தெரியாத நம்பர் வந்தால் ஓடிப்போய் எடுக்கிறேன், எல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள். சுமதிக்கு ஒருநாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. அட்டை கையில் இல்லாவிட்டாலும் ஜெபம் மனப்பாடமாகிவிட்டது. இப்போது அதைச் சொல்லும்போது எந்தக் குழந்தை என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பழகிய செருப்பு போதும். கடற்கரையில் நிழல் கிடையாது. திரும்பி வர வேனையே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடத்துகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. தனி வரிசை வேண்டாம், மைக் வேண்டாம். கஞ்சிப் பானையை யார் கண்ணும் படாத ஒரு மூலையில் திறந்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் ஜெபம் சொல்லுங்கள்.