மாமன் மடியில் வைத்த காதுக்குழாய்

கடந்த கோடை விடுமுறையில், கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது.

என் பேத்திக்கு ஐந்து வயது. நான் கதை சொன்னால் மடியில் ஏறி உட்கார்ந்து, என் மீசையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். கொஞ்சுகிறாள் என்று நானும் பூரித்துப்போவேன். கூப்பிட்டால் திரும்பாததற்குத் திமிர் என்றும், டிவியை அலறவிடுவதற்குச் செல்லம் என்றும் வீட்டில் பெயர் வைத்திருந்தோம். பள்ளியில் டீச்சர் சொன்ன பிறகுதான் காதைக் காட்டப் போனோம்.

இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் நீர் தேங்கிப் பிசினாகியிருந்தது. செவிப்பறையில் சின்னத் துளையிட்டு, அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, அரிசியைவிடச் சிறிய குழாய் ஒன்றை அங்கே வைப்பார்களாம். மாதங்கள் போனால் அது தானாகவே விழுந்துவிடுமாம். “உங்க வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கிறா” என்றார் டாக்டரம்மா. மீசை எதற்காகத் தூக்கப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கமா விடுபட்டாலும் கோப்பைத் திருப்பி அனுப்பியவன். ஆகவே பரிசோதனை, காப்பீடு, கையெழுத்து எல்லாவற்றையும் நானே கையில் எடுத்துக்கொண்டேன். நோயாளியுடன் ஒருவர் மட்டும் என்று சுவரில் எழுதியிருந்ததால், உள்ளே மருமகள் மட்டும் போதும், நானும் மகனும் வெளியே நிற்போம், வேறு யாரும் வரத் தேவையில்லை என்று அறிவித்துவிட்டேன்.

மருமகளுக்குச் சொந்த ஊர் வெள்ளிமலை. அவளுடைய அண்ணன் அங்கே ஜீப் ஓட்டுகிறார். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவர் கொதித்துவிட்டார்.

“காதுல ஓட்ட போடறாங்கன்னா மாமன் மடியில வெச்சுத்தான் போடணும். நான் இல்லாம எவன் கை வெக்கறான் பாக்கறேன்!”

காதுகுத்து வேறு, இது வேறு என்று நிதானமாக விளக்கினேன்.

“வெளிய போட்டா இன்னா, உள்ள போட்டா இன்னா மாமா? காது ஒண்ணுதானே?”

எந்த அரசாணையிலும் இல்லாத கேள்வி; போனை மருமகளிடம் கொடுத்துவிட்டேன்.

அறுவை சிகிச்சை அன்று காலையில் மருத்துவமனை வாசலில் ஜீப் வந்து நின்றது. தட்டுகளில் பட்டுப்பாவாடை, வளையல், பூ, பலாப்பழம். கூடவே ஒரு சீசா மலைத்தேன். தட்டுகளைத் தூக்க ஒரு ஜீப் நிறைய உறவு. மாமன் தேனில் விரலைத் தோய்க்க, பேத்தி நாக்கை நீட்ட, நான் பாய்ந்து சீசாவைப் பிடுங்கினேன். மயக்கம் கொடுக்கப்போகும் குழந்தை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாமா?

“ஒரு சொட்டு தேனுக்குமா ரூல்ஸு? நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க, ஆபீஸு உங்கள வுடல மாமா” என்றார். காலையிலிருந்து வெளிறிப்போயிருந்த மருமகள் அப்போதுதான் சிரித்தாள்.

உள்ளே போனதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பச்சை உடையும் முகக்கவசமுமாக நர்ஸும் மயக்க டாக்டரும் குனிந்து ஏதோ அன்பாகத்தான் சொன்னார்கள். பேத்தி வீறிட்டாள். அம்மா தூக்கினாலும் அடங்கவில்லை. அம்மாவும் முகக்கவசம் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. “இவ்வளவு அழுதா மயக்கம் குடுக்கறது நல்லதில்ல. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்” என்றார் மயக்க டாக்டர்.

இன்னொரு நாள் என்றால் அவள் இந்த அறைக்குள் காலெடுத்து வைப்பாளா? பள்ளி திறந்தால் மறுபடியும் வகுப்பில் எதுவும் விளங்காமல் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்குவாள்.

கதவருகில் நின்று பார்த்த எனக்கு என் மீசை நினைவுக்கு வந்தது. அந்த அறையில் ஒருவருக்கும் வாய் இல்லை! அவளைப் பொறுத்தவரை எல்லோரும் ஊமைகள்.

“டாக்டர், அவ தூங்கற வரைக்கும் யாராவது ஒருத்தர் வாயை மறைக்காம பக்கத்துல இருக்க முடியுமா?” என்று கேட்டேன். ஒரு விதியைத் தளர்த்தச் சொல்லி நான் யாரிடமும் கேட்டது அதுவே முதல் தடவை.

அவர் யோசித்தார். “சரி. அழாத ஆளா பார்த்து அனுப்புங்க.”

என் மகன் ஏற்கெனவே தூணுக்குப் பின்னால் போய்விட்டான். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். மிச்சம் இருந்தது மாமன்தான். பச்சை அங்கி கணுக்காலுக்கு மேலே நிற்க, மாப்பிள்ளை நடையில் உள்ளே போனார்.

நடந்ததை மயக்க டாக்டர் பிறகு சொன்னார். அவளை மடியில் உட்கார வைத்து, வாயை அகலத் திறந்து, “ஜீப்பு மலை ஏறப் போவுது கண்ணு, புடிச்சுக்கோ” என்றாராம். மயக்க மருந்து முகமூடியை அவள் முகத்தில் வைத்ததும் கியர் மாற்றுவதுபோல வாயாலேயே உறுமிக் காட்டினாராம். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். ஆக, மாமன் மடி நடந்தே விட்டது.

மாலையில் அதே ஜீப்பில் வீடு திரும்பினோம். பின்சீட்டில் அம்மா தோளில் அவள் சாய்ந்திருந்தாள். முன்னாலிருந்து நான் வழக்கம்போல உரக்க, “பசிக்குதாடி தங்கம்?” என்றேன்.

“ஏன் தாத்தா கத்துற? கேக்குது.”

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

மாமன் ஜீப்பை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, நெடுநேரம் முன்கண்ணாடியைத் துடைத்தார். அவள் நாக்கில் தடவச் சொல்லித் தேன் சீசாவை நானே அவரிடம் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் என் மீசையை யாரும் தூக்குவதில்லை. ஆனாலும் கதை சொல்ல உட்காரும்போது நானே அதை ஒதுக்கிவிட்டுக்கொள்கிறேன், என் பேச்சைக் கேட்க ஒரு குழந்தை எவ்வளவு பாடுபட்டது என்பது மறந்துவிடக் கூடாது என்பதற்காக.