இரண்டு பக்கத்துக்கும் ஒரே குரல்

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் யார் இறந்தாலும் கிறிஸ்தவப் பங்குக் கோயில் மைக்கில் செய்தி வாசிப்பது சகாயராணிதான். "ஒரு மரண அறிவிப்பு" என்பாள். கொஞ்சம் நிறுத்துவாள். அந்த இடைவெளியில் சுற்றியுள்ள மூன்று ஊர்க்காரர்களும் கைவேலையை விட்டுவிட்டு, படுக்கையில் கிடப்பவர்களை எல்லாம் மனசுக்குள் ஒரு சுற்று பார்த்து வருவார்கள். பிறகு பெயர், வயது, யாருடைய தாயார், அடக்கம் எத்தனை மணிக்கு. நிலபுலன் உள்ளவருக்கும் கூலிக்குப் போனவருக்கும் ஒரே வேகம், ஒரே ஏற்ற இறக்கம்.

அவளுடைய அப்பா அருள்சாமி இறந்தபோதும் அவளே வாசித்தாள். வேறு யாராவது வாசிக்கட்டுமே என்று பங்குச் சாமியார் சொன்னார்.

"வேற ஆளு வாசிச்சா நேரத்த மாத்திச் சொல்லிருவாங்க ஃபாதர்" என்றாள். வாசித்து முடித்து, மைக்கை அணைத்துவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் அழ ஆரம்பித்தாள்.

பிழைப்புக்கு இ-சேவை மையத்தில் வேலை. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று பிறருடைய விவரங்களைத் தட்டச்சு செய்வாள். தன்னுடைய விவரத்தை யாரும் கேட்டால் சுருக்கமாகச் சொல்வாள். இருபத்து நான்கு வயதில் மார்பில் கட்டி வந்தது. கீமோ கொடுத்தார்கள். பிழைத்தாள். முடி திரும்ப வளர்ந்தது. மாதவிலக்கு திரும்பவில்லை.

கீமோ மருந்து கருமுட்டைகளையும் அழித்துவிடலாம் என்று அப்போது அவளிடம் யாரும் சொல்லவில்லை. சிகிச்சைக்கு முன்னாலேயே முட்டைகளை எடுத்து உறையவைத்துச் சேமிக்கலாம் என்பதை, சில ஆண்டுகள் கழித்து ஒரு ஸ்கேன் சென்டரின் தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டாள். அதற்குள் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்துவிட்டதால் முழுதாகத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அரூரில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளே விஷயத்தைச் சொன்னாள். நல்ல மனிதர்கள். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை.

தருமபுரியில் அவள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகும் மருத்துவமனையில் டாக்டர் பானுமதி ஒரு வேலையில் இறங்கியிருந்தார். புற்றுநோய் என்று தெரிந்ததும் கீமோ தொடங்குவதற்குள் இளம்பெண்கள் முடிவெடுக்க உதவும் ஒரு செயலி. கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம், முட்டைகளைச் சேமித்துவிட்டுச் சிகிச்சை. இன்னொரு பக்கம், நேராகச் சிகிச்சை. இரண்டிலும் உள்ள நல்லது, கெட்டது, செலவு, தாமதம் எல்லாவற்றையும் அது படித்துக் காட்டும். கடைசியில் அந்தப் பெண் தன் விரலால் ஒன்றைத் தொட வேண்டும்.

செயலியை வடிவமைத்த முருகேஷ் அரூர்ப் பையன், கெட்டிக்காரன். சேமிக்கும் பக்கத்துக்குப் பச்சை நிறம் கொடுத்து, சிரிக்கும் குழந்தையின் படத்தையும் போட்டிருந்தான்.

"வேண்டாங்கற பக்கத்துக்கு என்ன படம் தம்பி போடுவ? காலித் தொட்டிலா?" என்றார் டாக்டர்.

முருகேஷ் கொஞ்சம் யோசித்தான். "தேடிப் பாக்கறேங்க மேடம்."

இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீலம் என்று முடிவானது. குரல்தான் சரிப்படவில்லை. முதலில் பேசிய சென்னைப் பெண்ணின் குரலைக் கேட்ட நோயாளிகள், லோன் வேண்டாம் என்று சொல்லி டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான், கண் தெரியாத ஒரு பெரியவருக்கு மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்த சகாயராணி டாக்டரின் காதில் விழுந்தாள்.

"எந்தப் பக்கமும் சாயக் கூடாது. உங்க ஆசை குரல்ல தெரியக் கூடாது. முடியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"பழக்கந்தாங்க" என்றாள் சகாயராணி. எங்கே பழகியது என்று டாக்டர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆசை இருந்தது. ஒரே ஒரு பெண்ணையாவது நேரத்தோடு கேட்டுவிட வேண்டும், அவள் சேமிக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். இதை யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தாள். எந்தப் பக்கம் அவளுக்குப் பிடிக்கும் என்று கேட்பவர் கண்டுபிடிக்க முடியாது. முருகேஷ் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அக்கா, மெஷின் தோத்துரும்" என்றான்.

புதுக் குரலைக் கேட்க வந்த முதல் நோயாளி சந்தியா. தருமபுரியில் துணிக்கடையில் வேலை செய்பவள், இருபத்திரண்டு வயது, கழுத்தில் நிணநீர்க் கட்டி. இந்த வகைக்கு இரண்டு வாரம் பொறுக்கலாம், அதற்குமேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட வந்தவள் அவளுடைய அம்மா தீர்த்தம்மாள். ஊர், சகாயராணியின் ஊருக்கு அடுத்த ஊர். டாக்டருக்கும் முருகேஷுக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. சகாயராணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

முருகேஷ் டேப்லெட்டை இயக்கினான். "வணக்கம். உங்களுக்கு ஒரு முக்கியமான செய்தி" என்றது குரல். கொஞ்சம் நிறுத்தியது.

தீர்த்தம்மாள் எழுந்து நின்றாள். "அய்யோ, யாருங்க சாமி? யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலைங்கம்மா, இது ஆப்பு" என்றான் முருகேஷ்.

"எனக்குத் தெரியாதா? சர்ச்சு மைக்குல வர்ற பொண்ணு! எம்புள்ள உசுரோட உக்காந்திருக்கறப்பவே சொல்றாளே!" மார்பில் அடித்துக்கொண்டாள். குரல் எதையும் பொருட்படுத்தாமல் கருமுட்டை என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தது. முருகேஷ் அதை நிறுத்துவதற்குள் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் ஓடிவந்துவிட்டாள்.

சகாயராணி உள்ளே போனாள். அவளைப் பார்த்ததும் தீர்த்தம்மாள் இன்னும் பயந்தாள். சந்தியா மட்டும் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஏங்க்கா, எம்பேரையும் நீங்கதான் வாசிப்பீங்களா?"

"நீ எங்க பங்குல இல்ல. உனக்கு வாசிக்க எனக்கு உரிமையில்ல."

"அப்பாடா."

டேப்லெட்டை ஓரமாக வைத்துவிட்டு, அதில் இருந்ததைச் சகாயராணி தன் வாயால் சொன்னாள். சேமித்தால் தினமும் ஊசி, பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், கீமோ தள்ளிப்போகும். சேமித்தாலும் குழந்தை நிச்சயமில்லை. சேமிக்காவிட்டாலும் பிறக்கவே பிறக்காது என்றில்லை. இரண்டையும் ஒரே வேகத்தில் சொன்னாள்.

"கல்யாணமாகாத புள்ளய, கொழந்தையில்லாதவங்க போற ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் பாத்தா என்ன பேசுவாங்க? வேண்டாங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

சந்தியா அம்மாவைக் கவனிக்கவில்லை. "உங்களுக்கும் வந்துச்சாமே. நீங்க எதை எடுத்தீங்கக்கா?"

"என்னைய யாரும் கேக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அப்படியே இருக்கறேன்."

தீர்த்தம்மாள் சகாயராணியின் கழுத்தைப் பார்த்தாள். தாலி இல்லை. பிறகு தீர்த்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுத்து வெச்சுரலாங்க. ஊரு என்னமோ பேசிட்டுப் போவுது. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

சகாயராணி ஆசைப்பட்டதும் அதுதான். இத்தனை வருஷம் கழித்து ஒரு தாய் சரி என்கிறாள். பேனா மேசைமேல்தான் இருந்தது.

"உங்களக் கேக்கலைங்கம்மா. அவளத்தான் கேக்கணும்" என்றாள்.

சந்தியா கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "ராத்திரி படுத்தா இது துடிக்கிற மாதிரியே இருக்குதுக்கா. இதையும் வெச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு வாரம் என்னால ஆவாது. புள்ள வேணும்னு இப்ப எனக்குத் தோணல. பின்னாடி தோணலாம். அப்ப அழுதுக்கறேன். திங்கக்கிழமையே கீமோ ஆரம்பிங்க."

"ஏண்டி, பைத்தியக்காரி!" என்று தீர்த்தம்மாள் கத்தினாள். சகாயராணியின் கையைப் பிடித்தாள். "நீயாவது சொல்லும்மா. பட்டவ நீ, நீ சொன்னா கேப்பா."

சொன்னால் கேட்பாள் என்று சகாயராணிக்கும் தெரிந்தது. சந்தியா அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும்.

"யோசிக்க நாளைக்கு வரைக்கும் நேரமிருக்கு. மாத்திச் சொன்னாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். செயலியில் கடைசியாக வரும் வாக்கியம் அது.

"மாத்த மாட்டங்க்கா."

"சரி. திங்கக்கிழமை ஆரம்பிக்கறதா டாக்டர்கிட்டச் சொல்லிடறேன்."

அதையும் அதே குரலில்தான் சொன்னாள். சந்தியா அவளையே உற்றுப் பார்த்தாள்.

"கோவமாக்கா?"

"இல்லியே."

"மூஞ்சி அப்படி இருக்குது."

"குரலுக்குத்தான் என்னையக் கூப்பிட்டாங்க. மூஞ்சிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, டாக்டரைத் தேடிப் போனாள்.