வாசலுக்கே வந்த லாரி

எங்கள் தோட்டத்து லாரியில் ரப்பர் ஷீட்டுகளுக்குத் தார்ப்பாய் போர்த்துகிற அழகை, ஊரில் இருக்கிறவர்கள் ஒரு நாளாவது வந்து பார்க்க வேண்டும். இந்த மலாயாவில், பேராக்கில், மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வானம் கொஞ்சம் கறுத்தாலே தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணியார் ஆபீசை விட்டு ஓடி வந்துவிடுவார். "மூடு, மூடு, நனைஞ்சிடப் போவுது" என்று அவர் பதறுவதைப் பார்த்தால், பெற்ற பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிட்டதோ என்று தோன்றும். ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தி லாரியில் ஏற்றுவது என் வேலை. அதனால் இந்தச் சீராட்டை நாள்தோறும் பார்க்கிறேன். முன்பெல்லாம் சிரிப்பு வரும். என் தாயார் விழுந்த பிறகு வருவதில்லை.

அம்மா இதே தோட்டத்தில் மரம் சீவியவர். கண் மங்கியதும் வேலையிலிருந்து நின்றுகொண்டார். விறகு பொறுக்கப் போன இடத்தில் செம்மண் சரிவில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்துவிட்டது. கால் தனக்குச் சம்பந்தமில்லாதது போல ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "ஈப்போ ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போயிடு. எலும்பு கோணலாக் கூடிட்டா அப்புறம் நடக்கவே மாட்டாங்க" என்றார்.

லாரி தினமும் ஈப்போவுக்குத்தான் போகிறது. கிராணியாரிடம் போய்க் கைகட்டி நின்றேன். அவர் செக்ரோலை, அதுதான் வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டை, புரட்டினார்.

"ஒங்கம்மா பேரு செக்ரோல்ல இல்லப்பா. பேரு இல்லாத ஆளுக்கு லாரி கெடையாது."

"இங்கதானே ஐயா மரம் சீவுனாங்க?"

"சீவுனாங்க. இப்ப சீவுறாங்களா?"

லாரி ஓட்டுகிற அந்தோணி வெற்றிலையைத் துப்பிவிட்டு என் தோளில் தட்டினான். "ரப்பர் ஷீட்டாப் பொறந்திருந்தா அம்மா இந்நேரம் ஈப்போ போய்ச் சேந்திருக்கும்லா மச்சான்" என்றான். கெட்டவன் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு.

ஊரில் என்றால் இப்படி நடந்திருக்காது என்று இதைப் படிக்கிறவர்கள் சொல்லக்கூடும். தயவுசெய்து சொல்லாதீர்கள். என் தகப்பனாருக்கு வயலில் கால் வெட்டுப்பட்டு, இடுப்பு வரைக்கும் வீங்கியது. பண்ணையார் வீட்டில் வில்வண்டி சும்மாதான் நின்றது. எங்கள் தெரு ஆள் ஏறினால் வண்டி தீட்டாகிவிடும் என்றார்கள். கயிற்றுக் கட்டிலில் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். வழியிலேயே உயிர் போய்க் கட்டில் கனத்துவிட்டது. அதன் பிறகுதான் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறினார். அங்கே தீட்டு, இங்கே செக்ரோல். வண்டி இரண்டு இடத்திலும் இருந்தது.

தோட்டத்து எல்லையில் ஒரு சீனர் கீரை பயிரிடுகிறார். அவரிடம் கைவண்டி உண்டு. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டார். இவனும் இப்படித்தானா என்று மனதுக்குள் வைதுகொண்டே திரும்பி நடந்தேன். பின்னால் சக்கரம் கிறீச்சிட்டது. சந்தைக்குப் போக வேண்டிய கீரையை இறக்கிவிட்டு, வண்டியில் வைக்கோலும் சாக்கும் பரப்பிக்கொண்டு வந்து நின்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மாரியம்மன் அவருக்குக் குறை வைக்கக் கூடாது.

கும்பிடாமல் ஒரு காரியம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கோயிலில் சூடம் கொளுத்தினேன். வழித்துணைக்கு ஆத்தா கூட வரட்டும் என்று பூசாரி வேப்பிலைக் கொத்து இரண்டு கொடுத்தார். ஒன்றை அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன், ஒன்றை வண்டியின் முன்னால் கட்டினேன். சீனர் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, குழி வரும்போதெல்லாம் அம்மா "முருகா" என்று பல்லைக் கடிக்க, வெயில் உச்சிக்கு வருமுன் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டோம்.

வாசற்காவலில் நம்மவர் ஒருவர், நெற்றி நிறைய விபூதி. அவரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. அவரோ வேப்பிலையைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார்.

"அம்மை போட்ட ஆளையா கொண்டாந்த? உள்ள வராத, அங்கேயே நில்லு!"

"அம்மை இல்லண்ணே, கால் முறிவு. இது கோயில்ல கொடுத்தது."

"ஆத்தா வந்திருக்கான்னு எல கட்டிட்டு வந்து இப்ப இல்லேங்கிறியா? மறைக்காதய்யா, குத்தம்!"

வெள்ளைக்காரர் பார்த்திருந்தால் வெறும் தழை என்று நினைத்திருப்பார். நம்மவர் பார்த்ததால் அது அம்மை ஆனது. அம்மாவை ஊர்க்கோடியில் தொற்று நோயாளிகளுக்கான கொட்டகையில் கொண்டுபோய் அடைத்தார்கள். முத்து ஏதும் போடவில்லை என்று அவர்களுக்கு நிச்சயமாவதற்குள் பௌர்ணமி போய் அமாவாசை வந்துவிட்டது. பிறகு வந்த டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கியிருந்தது. இந்த வயதில் உடைத்துக் கட்டினால் தாங்காது என்று அனுப்பிவிட்டார்கள். சீனர் மறுபடி கொண்டுவந்த அதே கைவண்டியில் திரும்பினோம். இலை கட்டவில்லை.

அம்மா தரையில் நகர்ந்து பழகிக்கொண்டிருந்தபோது கிராணியார் ஆள் விட்டுக் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு கனிவு.

"வேலைக்கு ஆகாத ஆளுங்கள ஊருக்கு அனுப்ப உத்தரவு வந்திருக்கு. ஒங்கம்மா பேரு இருக்கு. கப்பல் செலவு ஒனக்கு இல்ல. லாரி லயத்து வாசலுக்கே வரும்."

ஆஸ்பத்திரிக்கு இல்லாத பெயர் கப்பலுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே, "போகலேன்னா ஒனக்கும் லயத்துல எடம் கெடையாது" என்று முடித்துவிட்டார். ஊரில் யார் இருக்கிறார்கள்? நாங்கள் இருந்த குடிசை இடத்தில் பண்ணையார் கொட்டில் போட்டிருப்பதாகக் கேள்வி. எழுந்து நிற்க முடியாதவரை எந்த வாசலில் இறக்கிவிடுவார்கள்?

அம்மாவிடம் சொன்னேன்.

"வாசலுக்கேவா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "கோயில் வேப்பமரத்துல ஒரு கொத்து ஒடிச்சுட்டு வா" என்றார்.

எனக்குப் புரிந்தது. "தப்பும்மா. ஆத்தா பேர வெச்சு விளையாடுறது."

"அவ பேரச் சொல்லித்தானே என்னை அடைச்சு வெச்சாங்க? அவளே வந்து காவலுக்கு நிக்கட்டும். நீ போய் ஒடி."

மறுநாள் லாரி சத்தியமாகவே வாசலுக்கு வந்தது. அந்தோணி வேதக்காரன், கழுத்தில் சிலுவை போட்டிருப்பவன். நிலையில் தொங்கிய வேப்பிலையைக் கண்டதும் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"யாருக்கு மச்சான்?"

நான் பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. அவன் என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "கிராணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்லா" என்று லாரியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான்.

அம்மைதானா என்று டிரஸ்ஸர் எப்போது வேண்டுமானாலும் பார்க்க வருவார். அதுவரை தோட்டத்தார் வருவதில்லை. அக்கம்பக்கத்து லயத்தாரும் வருவதில்லை. வேலைக்கும் என்னைக் கூப்பிடவில்லை. சீனர் மட்டும் கீரைக் கட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறார். காலையில் விழித்ததும் அம்மா கேட்பது ஒன்றுதான்: "எல பச்சையா இருக்கா?"

கோயில் மரம் அம்மா ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதையில் முளைத்தது. இந்த மழை நாட்டில் அது மெலிந்து உயரமாகப் போகிறதே தவிர, ஒரு வருஷமும் பூத்ததில்லை. வாடிய கொத்தை மாற்றி மாற்றிக் கட்டிக் கைக்கு எட்டுகிற கிளைகளையெல்லாம் ஒடித்துவிட்டேன். நாளைக்கு மரத்தில் ஏற வேண்டும்.